எழுபத்து நாலும் இருபத்தொன்றும்

பன்னிரண்டாம் வகுப்பில் மரபியல் பாடம் தொடங்கிய அன்று எங்கள் விலங்கியல் டீச்சர் கையில் ஒரு அட்டையோடு வந்தார். கலர் பிரிண்ட் எடுத்து ஒட்டிய படம். ஒரு வட்டம், வட்டம் முழுக்கச் சின்னதும் பெரிதுமாகப் புள்ளிகள். "பாடத்துக்கு முன்னால ஒரு விளையாட்டு" என்று சொல்லிவிட்டு அதை என்னிடம்தான் முதலில் நீட்டினார். முதல் பெஞ்சில், கேள்வி முடிவதற்குள் கை தூக்குகிற பெண் நான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

"உள்ள என்ன நம்பர் இருக்குது, சொல்லு."

"இருபத்தொன்னுங்க டீச்சர்."

வகுப்பு சிரித்தது. நான் வேண்டுமென்றே சொல்கிறேன் என்று டீச்சரும் நினைத்துவிட்டார். "ஒழுங்காப் பாரு" என்றார். பார்த்தேன். இருபத்தொன்றுதான் இருந்தது. அட்டை பக்கத்தில் இருந்தவளிடம் போனது. அவள் எழுபத்து நாலு என்றாள். அடுத்தவளும் எழுபத்து நாலு. பெண்கள் பள்ளி அது. அத்தனை பெண்களும் ஒரே எண்ணைச் சொல்லச் சொல்ல எனக்குக் காது சூடாகிக்கொண்டு வந்தது. அட்டை மறுபடி கைக்கு வந்தபோது அதைத் தலைகீழாகக்கூடப் பிடித்துப் பார்த்தேன்.

நிறங்களில் எனக்குத் தகராறு உண்டு என்பது வீட்டில் தெரிந்ததுதான். பாவாடைக்குப் பொருந்தாத தாவணி, ஜோடி மாறிய வளையல், வதங்கிப்போன வெண்டைக்காயை நல்லது என்று பொறுக்கிக்கொண்டு வருவது. "கண்ணு எங்க, கவனம் எங்க?" என்று அம்மா திட்டுவாள். எனக்குக் கவனம் போதாது என்றுதான் நானும் நம்பியிருந்தேன். வானவில்லில் ஏழு நிறம் என்று எழுதி இயற்பியலில் முழு மார்க் வாங்கியவள் நான். புத்தகத்தில் நிறமாலைப் படத்தைப் பார்க்கும்போது எனக்குத் தெரிந்தது ஒரு மஞ்சள் பட்டையும் ஒரு நீலப் பட்டையும்தான். மற்ற ஐந்தும் கூர்ந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும்போல என்று விட்டுவிட்டேன்.

டீச்சருக்கு உற்சாகம் வந்துவிட்டது. பாடத்தில் வரும் ஒன்று முன்பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறது! போர்டில் எழுத ஆரம்பித்தார். சிவப்பையும் பச்சையையும் பிரித்துக் காட்டும் மரபணு X குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு X ஒன்றுதான். அது பழுதானால் அவனுக்கு நிறம் தெரியாது. பெண்ணுக்கு X இரண்டு. ஒன்று பழுதானாலும் இன்னொன்று காப்பாற்றிவிடும். அதனால் பெண்களுக்கு இது வருவது ரொம்ப அபூர்வம். வந்திருந்தால் இரண்டுமே பழுது. ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. அப்பாவிடம் இருப்பதே ஒரு X என்பதால்...

"...அப்பாவுக்கும் இது இருந்தே ஆகணும்" என்று சொல்லி என் பக்கம் திரும்பினார். "உங்கப்பாவுக்குக் கலர் தெரியாதா?"

"தெரியுமுங்க டீச்சர்" என்றேன். "அப்பா சாயப்பட்டறையில சூப்பர்வைசருங்க. கலர் பாக்கறதுதான் வேலையே."

டீச்சர் என்னையும் போர்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு டஸ்டரை எடுத்து எழுதியதை அழித்தார். "சரி, இது பரீட்சைக்கு வராது. அடுத்த தலைப்புக்குப் போலாம்."

அழித்தாலும் கணக்கு எல்லோருக்கும் புரிந்துவிட்டது. எனக்கும்தான். பின்பெஞ்சில் ஒருத்தி, "அப்ப அவங்கப்பா ஆரு?" என்று மெல்லக் கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்துத் தப்பித்திருப்பேன்.

எங்கள் வீடு திருப்பூரில் அனுப்பர்பாளையத்துப் பக்கம், வரிசையாகச் சுவர் ஒட்டிய வாடகை வீடுகளில் ஒன்று. அடுத்த வீட்டுப் பெண் என் வகுப்பில்தான் படித்தாள். அவளுடைய அப்பாவும் என் அப்பா வேலை பார்த்த பட்டறையிலேயே லோடு ஏற்றுகிறவர். ஆகவே செய்தி பஸ் ஏறி வர வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அந்த நாட்களில் நான் கண்ணாடி முன்னால் அதிகம் நின்றேன். அப்பாவின் காது பெரிது, மடல் ஒட்டியிருக்கும். என்னுடையது தொங்கும். அவருக்கு நெற்றி அகலம், எனக்கு இல்லை. அப்பா சாப்பிட உட்கார்ந்தால் அவருடைய விரல்களைப் பார்த்துவிட்டு என் விரல்களைப் பார்ப்பேன். அம்மா தோசை வைக்க வரும்போது தலையைக் குனிந்துகொள்வேன். பிறகு பி.எட். படித்தபோது உளவியல் புத்தகத்தில், வெட்கம் என்பது பிறர் நம்மைப் பார்க்கிறார்கள் என்ற நினைப்பில் பிறக்கும் உணர்ச்சி என்று ஒரு வரி வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கண்ணாடி முன் நின்று காது மடலை இழுத்துப் பார்த்த எனக்கு அந்த வரி பாதிதான் சரி என்று பட்டது.

அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தாள். காலையில் கம்பெனி வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஒரு நாள் வேனில் ஒருத்தி அவளிடம், "ஏனுங்க, உங்க புள்ளைக்கு மூக்கு ஆராட்டங்க?" என்று கேட்டிருக்கிறாள். "அவங்கப்பாவாட்டத்தானுங்க" என்று அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாளாம். வேனில் இருந்த எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்களாம். அதற்கும் மறுநாள்தான் யாரோ இரக்கப்பட்டு அவளுக்கு விவரம் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் அவள் முகம்கூடக் கழுவாமல் என் முன்னால் வந்து நின்றாள்.

"பள்ளிக்கூடத்துல என்ன சொன்னாங்க?"

சொன்னேன். அம்மா அப்பா என்ற சொற்களை விட்டுவிட்டு, ஆண் பெண் என்று பொதுவாக, பரீட்சையில் எழுதுவதுபோலச் சொன்னேன். அம்மா எட்டாவது வரை படித்தவள். எதையும் மறுபடி கேட்கவில்லை.

"நீ என்ன நெனக்கற?" என்றாள் கடைசியில்.

"அம்மா, நான்..." என்று ஆரம்பித்தேன். அடுத்த சொல் வரவில்லை. நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன் என்பது அவளுக்கு அதிலேயே தெரிந்துவிட்டது. அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள்.

அப்பா வந்ததும் தட்டில் சோறு போட்டபடியே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். குரல் உயரவே இல்லை. அப்பா பாதிச் சோற்றில் கையை உதறிவிட்டு எழுந்து வெளியே போனார். வண்டியைத் துடைத்துக்கொண்டே நின்றார். அதன்பின் பல நாட்கள் வீட்டில் பேச்சு நின்றுபோனது. அவரும் சந்தேகப்படுகிறார் என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். அவளுடைய முகம் வற்றிக்கொண்டே போனது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா மேலே வந்தார். பட்டறையிலிருந்து கொண்டுவந்த இரண்டு வேஸ்ட் துணித் துண்டுகள் அவர் கையில் இருந்தன.

"கண்ணு, இதுல செவப்பு எது, பச்சை எது?"

வெயில் நன்றாக அடித்தது. இரண்டையும் வாங்கிப் பார்த்தேன். மழையில் நனைந்த மண் நிறம், இரண்டுமே.

"ரெண்டும் ஒன்னாட்ட இருக்குதுங்கப்பா."

"எனக்கும் அப்படித்தான் இருக்குது" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். "ஒன்னு செவப்பு, ஒன்னு பச்சை. லேப்காரர்கிட்டக் கேட்டு வாங்கிட்டு வந்தேன். பையில போட்டுக் கொண்டாரதுக்குள்ள எது எதுன்னு மறந்துபோச்சு."

"அப்ப பட்டறையில எப்படிங்கப்பா..."

அப்பா கீழே பார்த்தபடி சொன்னார். குண்டடத்துக் காட்டில் வெள்ளாமை இல்லாமல் போய்த் திருப்பூர் வந்தபோது முதலில் துணி சுமக்கும் வேலை. அங்கே எல்லோரும் நிறத்தின் பெயரைச் சட்டென்று சொன்னார்கள். அவருக்கு வரவில்லை. படிப்பு ஏறாத பிள்ளைபோலத் தனக்கு இது மண்டையில் ஏறவில்லை, நாள்பட்டால் வந்துவிடும் என்று நினைத்திருக்கிறார். வரவே இல்லை. அதற்குள் மெஷின் வேலை படிந்துவிட்டது. சூடு, நேரம், உப்பு, சோடா எல்லாம் கைக்கு அத்துபடி. எந்த மெஷினில் என்ன ஷேடு ஓடுகிறது என்று காலையில் கார்டைப் பார்த்து மனப்பாடம் செய்துகொள்வார். சாம்பிள் வெட்டி எடுத்தால் ஆட்களிடம் நீட்டி, "நீ சொல்லு, எப்படி வந்திருக்குது?" என்று கேட்பார். கீழே இருப்பவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிற நல்ல மனுஷன் என்று பட்டறையில் அவருக்குப் பெயர். யாராவது உறுதியாகச் சொல்லாவிட்டால், "வெயில்ல வெச்சுப் பாத்துட்டு லேப்புக்கு அனுப்புங்க" என்பார். டியூப் லைட்டில் ஒரே ஷேடாகத் தெரிகிற இரண்டு துணி வெயிலில் வேறு வேறாகத் தெரியும் என்பது சாயத்தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால் அவர் ஒளிந்துகொண்டிருந்தார். முதலாளி இருமுறை ஷேடை முடிவு செய்கிற டையிங் மாஸ்டராக ஆகச் சொல்லிக் கூப்பிட்டும் வேண்டாம் என்றார். அதற்காக அம்மா அவரை எத்தனையோ தடவை இடித்துப் பேசியிருக்கிறாள்.

"இதுக்குப் பேரு இருக்குதா கண்ணு?"

"நிறக்குருடுங்கப்பா."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று உறைத்தது. "குருடா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அதுவரை அப்பா கூனிக் குறுகி நின்று நான் பார்த்ததில்லை. நான் அவசரமாக, அது நோய் இல்லை, கண்ணுக்குள் நிறத்தை உணர்கிற கூம்பு செல்கள் என்று உண்டு, அதில் ஒரு வகை சரியாக வேலை செய்யாது, பிறப்பிலேயே அப்படி, யாருடைய தப்பும் இல்லை என்று பாடத்தை ஒப்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டாரா என்று தெரியாது.

"அம்மாகிட்டச் சொல்லுங்கப்பா" என்றேன்.

"சொல்லோணும்" என்றார். அன்று சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. என்னையும் சொல்ல வேண்டாம் என்றார். பட்டறையில் தெரிந்தால் என்னாகும் என்ற பயம் ஒன்று. அதைவிடப் பெரியது வேறு ஒன்று என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

அந்த வாரக் கடைசியில் பள்ளியில் பெற்றோர் கூட்டம். எப்போதும் அம்மாதான் வருவாள். அன்று அவள், "நான் வரலை" என்று சொல்லிவிட்டாள். அப்பா வந்தார். வெள்ளை வேட்டி, சட்டை. வகுப்பில் பெஞ்சு முழுக்கத் தாய்மார்கள். அடுத்த வீட்டுப் பெண்ணின் அப்பாவும் வந்திருந்தார். விலங்கியல் டீச்சர் என் மார்க்கைச் சொல்லிப் பாராட்டிவிட்டு, கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டினார். அப்பா வாங்கவில்லை.

"டீச்சருங்க, அன்னைக்குப் புள்ளைங்களுக்கு ஒரு அட்டை காட்டுனீங்களாமா. அத எனக்குக் கொஞ்சம் காட்டுங்க."

டீச்சர் முகம் வெளுத்தது. "அது எதுக்குங்க இப்ப? அது சும்மா..."

"காட்டுங்க டீச்சர்."

பீரோவைத் திறந்து அட்டையை எடுத்தார். அப்பா அதை வாங்கி, எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். படத்தில் இருப்பது என்ன என்று நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அவரும் கேட்டிருக்கவில்லை.

"இருபத்தொன்னுங்க" என்றார்.

முன்வரிசையில் ஒரு அம்மா தன் மகளிடம், "எழுபத்து நாலுதான?" என்று ரகசியமாகக் கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

"எனக்கு இருபத்தொன்னுதானுங்க தெரியுது. செவப்பும் பச்சையும் எனக்குத் தெரியாது. பொறந்ததுல இருந்தே தெரியாது." அடுத்த வீட்டுக்காரரைப் பார்த்தார். "பட்டறையில போய்ச் சொல்றதுன்னா சொல்லுங்க. ஆனா என்ற ஊட்டுக்காரியைப் பத்தி இனி ஒருத்தரும் பேசப்படாதுங்க."

டீச்சர் எழுந்து நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது. "என்னை மன்னிச்சிருங்க. நான் யோசிக்காம..."

"நீங்க பாடத்தத்தானுங்க சொன்னீங்க. பாடம் சரியாத்தான் இருக்குது" என்றார் அப்பா. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிப் போனது. அங்கே எனக்குப் பெருமையாக இருந்தது என்று சொல்ல ஆசை. இல்லை. எல்லோரும் அப்பாவைப் பார்த்த பார்வையைத் தாங்க முடியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டியில் திரும்பி வரும்போது அவர் முதுகைக்கூட நான் தொடவில்லை.

விஷயம் எங்களுக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தது. அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். நிம்மதி அடைவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு அழுதாள். பேச்சு அடிபட்ட அத்தனை நாளும் அழாதவள்.

"ஊரு பேசுனது கெடக்கட்டும். இத்தனை வருசம் ஒரே ஊட்டுல இருந்துட்டு, எங்கிட்டச் சொல்லோணும்னு தோணலீங்களா?"

அப்பா சுவரைப் பார்த்தார். "உங்கிட்டச் சொல்றதுக்குத்தான் ரொம்ப வெக்கமா இருந்துச்சு."

மேலும் ஏதோ கேட்க வாயெடுத்த அம்மா திடீரென்று நிறுத்தினாள். பண்டிகைக்கு எடுக்கிற ஒவ்வொரு சேலையையும் அவள் தோளில் போட்டு அவரிடம்தான் காட்டுவாள். "இந்தக் கலரு உனக்கு எடுப்பா இருக்குது" என்று அவர் ஒவ்வொரு முறையும் சொல்லுவார். அந்தச் சொற்கள் ஒவ்வொன்றாக அவள் மனதில் உதிர்வது எனக்கே தெரிந்தது. "கம்முனு இருங்க" என்றாள், அவர் ஒன்றும் பேசாமல் நின்றபோதும்.

பட்டறையில் முதலாளி அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். கத்தவில்லையாம். "நீ எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் கேட்டாராம். அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். டிரம்களில் சாயத்தின் பெயரும் எண்ணும் எழுதியிருக்கும், படித்து எடுத்துக் கொடுத்தால் போதும். அவருக்குக் கீழே இருந்தவர் சூப்பர்வைசர் ஆனார். போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரு துணியைத் தூக்கிக் காட்டி, "அண்ணா, இது என்ன கலருங்க?" என்று கேட்பது கொஞ்ச காலம் நடந்தது. "லேப்ல கேளுங்க" என்பார் அப்பா. பிறகு அவர்களுக்கே சலித்துவிட்டது. அம்மாவுக்கும் அவருக்கும் பேச்சு மெல்லத் திரும்பியது. சேலை எடுத்தால் மட்டும் அவள் யாரிடமும் காட்டுவதில்லை, எடுத்ததும் மடித்துப் பீரோவில் வைத்துவிடுவாள்.

என்னிடம் அவள் திரும்பி வர இன்னும் நாளாயிற்று. ஒரு நாள் எனக்குத் தலை பின்னிவிடும்போது, "நீயுமா கண்ணு அப்படி நெனச்ச?" என்று கேட்டாள். நான் மடியில் இருந்த ரிப்பனை எடுத்துப் பின்னால் நீட்டினேன். அவள் பின்னலை முடித்து ரிப்பன் கட்டிவிட்டாள்.

கல்லூரியில் விலங்கியல் எடுத்துப் படித்தேன். பெண்ணுக்கு இது வர வேறு அபூர்வமான வழிகளும் உண்டு, அப்பாவுக்கு இல்லாமலேயே வரலாம் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். ஒரு பக்கம் கூட இல்லாத செய்தி அது. பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் இருந்திருந்தால் எங்கள் வீட்டில் இவ்வளவு நடந்திருக்காது. எனக்கு வந்ததோ டீச்சர் போர்டில் எழுதிய வழியில்தான். அப்பா அம்மாவைக் கட்டியது சொந்தத்தில், தாய்மாமன் மகள். அப்பாவின் அம்மாவுக்கும் அவளுடைய கூடப்பிறந்தவரான என் அப்புச்சிக்கும், அதாவது அம்மாவின் அப்பாவுக்கும், ஒரே X வந்திருக்கிறது. அப்புச்சி காட்டில் தக்காளி பறித்தால் காயும் பழமும் ஒன்றாகக் கூடையில் கிடக்கும், "எங்கப்பனுக்குப் பொறுமை இல்லை" என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த X அவர் வழியாக அம்மாவுக்கும், அவர் அக்கா தங்கை வழியில் அப்பாவுக்கும் வந்து, இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு எனக்கு வந்தது. இதை அம்மாவிடம் விளக்கினேன். "அப்ப எங்க ரெண்டு பேர்த்துகிட்ட இருந்தும்தான்" என்றாள். அதில் ஆறுதல் இருந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது.

இப்போது ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சராக இருக்கிறேன். மரபியல் பாடம் வரும்போது வகுப்பில் யாரையும் எழுப்பி நிறுத்தி உன் கண் என்ன நிறம், உன் காது மடல் எப்படி, உங்கப்பாவுக்கு எப்படி என்று கேட்பதில்லை. பட்டாணிச் செடி போதும். எனக்கு நிறம் தெரியாது என்பதை மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேனா என்றால், இல்லை. சாக்பீஸ் டப்பாவில் வெள்ளையை மட்டும் எடுக்கப் பழகிவிட்டேன்.

கல்யாணப் பேச்சு வந்தபோது அப்பா வந்தவர்களை உட்கார வைத்துக் காபி கொடுத்ததும் முதல் காரியமாகச் சொல்லிவிடுவார்: "என்ற புள்ளைக்குச் செவப்பு பச்சை தெரியாதுங்க. எனக்கும் தெரியாது." சிலர் போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள், சொல்லி அனுப்பவில்லை. ஒவ்வொரு முறையும் நான் உள் அறையில் உட்கார்ந்துகொண்டு, அப்பா கொஞ்சம் தள்ளிப் போட்டுச் சொல்லக் கூடாதா என்று பற்களைக் கடித்துக்கொள்வேன். கடைசியில் வந்தவர், "அப்ப சிக்னல்ல நான் வண்டி ஓட்டிக்கறனுங்க" என்று சிரித்தார். அவரையே கட்டிக்கொண்டேன்.

எங்களுக்கு ஒரு மகன். என்னுடைய இரண்டு X-உம் பழுது என்பதால் அவனுக்கு எதைக் கொடுத்திருந்தாலும் விடை ஒன்றுதான். அவனைச் சோதித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இந்த ஜூனில் எல்.கே.ஜி.யில் சேர்க்கப் போனோம். மிஸ் சின்னப் பெண், இருபது சொச்சம் இருக்கும். மேசையில் கிரேயான் டப்பா திறந்திருந்தது. அவர் எதையும் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அறிவியல் டீச்சர் சொல்வதுபோல, சாதாரணமாக.

"மிஸ், இவனுக்குச் சில கலர் தெரியாதுங்க. இலைக்குத் தப்பான கலர் அடிச்சா அடிக்காதீங்க, திட்டாதீங்க. கவனம் இல்லாம செய்யறதில்லை."

"ஐயோ, ஏனுங்க மேடம், அடிபட்டதுங்களா?"

"இல்லீங்க. பொறப்புலயே. எங்கிட்ட இருந்து வந்தது."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது முகம் சூடாகி, பார்வை தானாக மேசைக்கு இறங்கிவிட்டது. எல்லாம் தெரிந்தும் அப்படித்தான் ஆகிறது. மிஸ், "சரிங்க மேடம், பாத்துக்கறேன்" என்றார். மகன் அதற்குள் நாற்காலியில் ஏறி, டப்பாவிலிருந்து கைக்குக் கிடைத்த ஒரு கிரேயானை எடுத்து, எதையோ வரைய ஆரம்பித்திருந்தான்.